வீட்டிலிருந்தே வேலை: எங்கள் தெரு சொல்லிக்கொடுத்த பாடம்

ப்ராஜெக்ட், வைவா என்று ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டு மாதமாக எதுவும் எழுதவில்லை. இப்போது எழுதுவதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்திருக்கிறது.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது! கடைசி செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் செய்த அதே கம்பெனிதான். (ட்ரீட் கேட்பவர்கள் முதல் சம்பளம் வரும்வரை பொறுக்கவும்.) அவர்கள் இரண்டு வழி கொடுத்தார்கள். ஒன்று, பெங்களூரு ஆபீஸுக்குப் போவது. இன்னொன்று, வீட்டிலிருந்தே வேலை செய்வது, நேரம் நம் வசதிப்படி. பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டில் சொன்னதும் அம்மா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "ஊட்ல இருந்தே பாக்கலாம்னா நல்லதுதான கண்ணு. எனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் சேலம் மாவட்டத்தில் இளம்பிள்ளைக்குப் பக்கம். இளம்பிள்ளை என்றாலே சேலை. இந்தப் பக்கம் முக்கால்வாசி வீடுகளில் இப்போது விசைத்தறி வந்துவிட்டது. நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் போனால் தெருவே தடதடவென்று ஆடும். எங்கள் தெருவில் மட்டும் இன்னும் சில வீடுகளில் கைத்தறி இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறி. ஒன்று அப்பாவுடையது, ஒன்று அம்மாவுடையது.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது பக்கத்து வீட்டு அண்ணன் பெங்களூரிலிருந்து லேப்டாப்பும் கையுமாக வந்து சேர்ந்தார். மொட்டை மாடியில் சிக்னல் தேடி உட்கார்ந்துகொண்டு வேலை பார்த்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. "ஊட்ல உக்காந்துகிட்டே சம்பளமாம்!" என்று எங்கள் ஆயா மோவாயில் கை வைத்தார். சொன்னவர் அறுபது வருடம் வீட்டில் உட்கார்ந்து தறி நெய்தவர் என்பதுதான் காமெடி.

அமெரிக்காவில் ஜாக் நில்ஸ் என்பவர் 1973-ல்தான் தொலைவிலிருந்து வேலை பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்தார் என்று படித்தேன். பெயர்தான் புதிது. முதலாளி வேறு இடத்தில் இருக்கிறார், பாவும் ஊடையும் வீட்டுக்கு வருகிறது, நெய்த சேலை திரும்பிப் போகிறது, கூலி கைக்கு வருகிறது. நேரம் கேட்க ஆள் கிடையாது. இதைத்தானே எங்கள் தெரு தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருக்கிறது? 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதும் இந்தத் தொழிலில் சுமார் 35 லட்சம் பேர். அதில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். பெரும்பாலானவர்களுக்கு வீடுதான் ஆபீஸ்.

சரி, இன்டர்ன்ஷிப் கதைக்கு வருவோம்.

ஆறு மாதமும் வீட்டிலிருந்துதான் செய்தேன். முதல் வாரம் சொர்க்கம். எட்டு மணிக்கு எழுந்து, கட்டிலிலேயே லேப்டாப்பைத் திறந்து... என்ன சுகம்! இரண்டாவது வாரத்திலிருந்து கோளாறு ஆரம்பித்தது. காலையில் "மத்தியானம் பார்த்துக்கலாம்", மத்தியானம் "ராத்திரி அமைதியா இருக்கும், அப்ப பார்த்துக்கலாம்". ராத்திரி பத்து மணிக்கு டீம் லீட் போன் செய்வார், "ஃப்ரீயா இருக்கியாமா?" என்று. நான்தான் பகல் முழுக்க சரியாக எதுவும் செய்யவில்லையே, இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆக, நாள் முழுக்க வேலை செய்யவும் இல்லை, நாள் முழுக்க வேலையிலிருந்து விடுபடவும் இல்லை. கையில் இருக்கிற நேரம் எவ்வளவோ அவ்வளவுக்கும் வேலை நீண்டுகொண்டே போகும் என்று பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1955-லேயே எழுதியிருக்கிறார். அவருக்கு என்னைத் தெரிந்திருக்க நியாயமில்லை :-)

நடுவில் இன்னொன்று. நான் வீட்டில் இருக்கிறேன் என்பதால் கேஸ் சிலிண்டர் வந்தால் நான், ஆயாவுக்கு மாத்திரை என்றால் நான், விருந்தாளி வந்தால் டீ போட நான். "செத்த நேரம்தான கண்ணு" என்பார்கள். அந்தச் செத்த நேரங்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு நாள் போயிருக்கும்.

அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோபத்தில் ஒரு கணக்கு எடுத்தேன். என்னைப் பற்றி இல்லை. அம்மாவும் அப்பாவும் தறியில் உட்கார்ந்த பிறகு எத்தனை தடவை எழுந்திருக்கிறார்கள் என்று நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். காலை முதல் சாயந்திரம் வரை அப்பா 4 தடவை. இரண்டு டீ, ஒரு சாப்பாடு, ஒரு போன். அம்மா 19 தடவை.

ஒரே வீடு, ஒரே மாதிரித் தறி, ஒரே மாதிரிச் சேலை, ஒரே கூலி. ஆனால் 4-க்கும் 19-க்கும் இடையில்தான் இந்த "நேரம் உங்கள் வசதி" என்பது ஒளிந்திருக்கிறது. யாருடைய வசதி?

குழித்தறியில் உட்காருவதும் எழுவதும் நாற்காலியில் உட்காருவது போல இல்லை. காலைக் குழிக்குள் விட்டு, மிதிக்கட்டையில் வைத்து, நாடா ஓடும் கைக்கும் மிதிக்கும் காலுக்கும் ஒரு தாளம் பிடிபட வேண்டும். எழுந்துபோய் வந்தால் அந்தத் தாளம் போய்விடும். அச்சு அடிக்கும் அடி கொஞ்சம் மாறினாலும் துணியில் கோடு தெரியும். கோடு தெரிந்தால் கூலியில் பிடித்துக்கொள்வார்கள். அம்மா அதற்காக ஒவ்வொரு தடவையும் திரும்ப உட்கார்ந்து, பத்து இழை மெதுவாக ஓட்டிப் பார்த்துத்தான் வேகம் எடுப்பார். 19 தடவை!

இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் இல்லை. மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 2019-ல் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவழித்தது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்கு 10 நிமிடம் குறைந்துவிட்டதே என்று சந்தோஷப்படலாம் என்று பார்த்தால், ஆண்களும் 9 நிமிடம் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்!

அம்மா சொன்ன "ஒத்தாசை" ஏன் என்னை உறுத்தியது என்று இப்போது புரிந்திருக்கும். அம்மா தப்பாகச் சொல்லவில்லை. அந்த 19-ல் ஒரு பத்தை நான் எடுத்துக்கொள்வேன் என்ற நம்பிக்கையில் சொன்னார். அப்படிச் செய்தால் அம்மாவுக்கு 9, எனக்கு 10. அப்பாவுக்கு அதே 4.

அப்படியானால் பெங்களூருக்கே போய்விடலாமா? அதையும் யோசித்தேன். பிஜி வாடகை, சாப்பாடு, டிராஃபிக் எல்லாம் கணக்குப் போட்டேன். சம்பளத்தில் பாதி அங்கேயே போய்விடும். ஊரில் இருந்தால் ஆயாவின் வைத்தியத்துக்கும் தம்பி படிப்புக்கும் கொடுக்க முடியும். வீட்டிலிருந்து வேலை என்பது எங்களை மாதிரி குடும்பங்களுக்குச் சின்ன விஷயமில்லை. அதனால் விடுவதா வேண்டாமா என்பதை விட்டுவிட்டு, எப்படிப் பிடித்துக்கொள்வது என்று யோசித்தேன். பதில் தறியிலேயே இருந்தது. நான் கற்றுக்கொண்டவை:

1. அளவு முக்கியம். நெசவில் யாரும் "இன்றைக்கு எட்டு மணி நேரம்" என்று சொல்வதில்லை. "இன்றைக்கு இவ்வளவு முழம்" என்றுதான் சொல்வார்கள். அந்த அளவு படமரத்தில் சுற்றியதும் அப்பா எழுந்துவிடுவார். நானும் காலையிலேயே அன்றைய அளவை எழுதி வைத்துவிடுகிறேன். அது முடிந்தால் நாள் முடிந்தது.

2. இடம் முக்கியம். குழியில் கால் இருந்தால் வேலை, வெளியே வந்தால் வீடு. கட்டிலில் லேப்டாப் வைத்த பாவத்துக்கு ஆறு மாதம் எனக்குத் தூக்கமும் போனது, வேலையும் போனது. இப்போது தார் சுற்றும் மூலையில் ஒரு மேசை போட்டாகிவிட்டது. லேப்டாப் அந்த மேசையைத் தாண்டி வராது.

3. விடுமுறை முக்கியம். எங்கள் தெருவில் அமாவாசை அன்று தறி ஓடாது. எவ்வளவு அவசர ஆர்டராக இருந்தாலும் ஓடாது. முதலாளிக்கும் அது தெரியும், கேட்கமாட்டார். எல்லோருக்கும் தெரிந்த விடுமுறைக்குத்தான் மரியாதை. "முடியும்போது ரெஸ்ட் எடுத்துக்கொள்கிறேன்" என்பவருக்குக் கடைசிவரை முடியாது.

4. செலவு யாருடையது என்று முதலிலேயே கேட்க வேண்டும். இதில் எங்கள் தெரு ஏமாந்துதான் இருக்கிறது. தறி நம்முடையது, இடம் நம்முடையது, விளக்குக் கரண்ட் நம்முடையது. மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறினால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். நேரம் நம் வசதி என்றால் நஷ்டமும் நம்முடையது என்று ஆகிவிடுகிறது. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களை மற்ற தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1996-ல் 177-வது உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. வேலை நேரத்துக்குப் பிறகு போனை எடுக்காமல் இருக்கும் உரிமைக்கு பிரான்சில் 2017-லிருந்து சட்டம் இருக்கிறது. இங்கே சுப்ரியா சுலே எம்.பி. 2018-ல் ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். சட்டம் ஆகவில்லை. சட்டம் வரும்வரை நாம்தான் வாயைத் திறக்க வேண்டும்.

5. மனிதர்கள் வேண்டும். தெருவில் பாவு ஓடும்போது நாலு வீட்டு ஆட்கள் கூடுவார்கள். யாருக்கு என்ன கூலி, எந்த டிசைன் போகிறது எல்லாம் அங்கேதான் தெரியவரும். சீனாவில் ஒரு பெரிய டிராவல் கம்பெனியில் நிக்கோலஸ் ப்ளூம் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் 2010-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒன்பது மாதம் வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் வேலைத்திறன் 13 சதவீதம் கூடியது. ஆனால் முடிவில் அவர்களில் பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பிவிட்டார்களாம். காரணம், தனிமை. வேலைக்கு ஏற்ற பதவி உயர்வும் வீட்டில் இருந்தவர்களுக்குக் குறைவாகத்தான் கிடைத்திருக்கிறது.

பத்து நாள் அவகாசத்தில் ஒன்பதாவது நாள் கம்பெனிக்கு மெயில் எழுதினேன். வீட்டிலிருந்து செய்கிறேன், ஆனால் எந்த நேரத்தில் கட்டாயம் இருக்க வேண்டும் என்று எழுத்தில் வேண்டும், இன்டர்நெட் செலவு யார் தருவார்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆபீஸுக்கு வர முடியுமா என்று கேட்டேன். கை நடுங்கிக்கொண்டேதான் அனுப்பினேன். காலை 11 முதல் மாலை 4 வரை கட்டாயம், இன்டர்நெட் செலவு தருகிறோம், ஆபீஸ் வருவதற்கும் சரி என்று பதில் வந்தது. இரவு போன் பற்றி மட்டும் "அவசரமென்றால்" என்று ஒரு வார்த்தை இருந்தது. பார்ப்போம்.

கம்பெனியிடம் பேசுவது சுலபமாக இருந்தது. வீட்டில் பேசுவதுதான் கஷ்டம். நோட்டை எடுத்துவந்து சாப்பிடும்போது காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் அந்தக் கோடுகளையே பார்த்தார். "பத்தொம்போதா?" என்றார். அம்மா, "அட, இதெல்லாம் போயி எண்ணிக்கிட்டு" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் ஒன்றுதான் முடிவானது. காலை 10 முதல் 1 வரை அம்மாவையும் என்னையும் யாரும் கூப்பிடக்கூடாது. வாசலுக்கு யார் வந்தாலும் அப்பா பார்த்துக்கொள்வார்.

நேற்று சிலிண்டர் வந்தது. அப்பா பழக்கத்தில் அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். அம்மாவின் நாடா சத்தம் நின்றது. நானும் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் அப்பா குழியிலிருந்து எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போகிற சத்தம் கேட்டது.

அம்மாவின் தறி மறுபடி ஓட ஆரம்பித்தது. இந்தப் பாவில் முதல் சேலை அரை நாள் முன்னாலேயே இறங்கியிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு நாள் கோடு போட்டுப் பாருங்கள்.