மேடையிறங்கிய குரல்

ஸ்டெலியோஸ் கசான்ட்ஸிடிஸை முதன்முதலில் கேட்டபோது வியப்பைவிடச் சந்தேகமே எழுந்தது. இந்த மெட்டு எனக்குத் தெரியுமே! 'ஆவாரா'வில் லதா மங்கேஷ்கர் பாடியது. 1959இல் கிரேக்க மொழியில் அது 'மாந்துபாலா' ஆகியிருந்தது. நடிகை மதுபாலாவின் பெயர்தான். அவர் அந்தப் படத்தில் நடிக்கவேயில்லை என்பது வேறு விஷயம்.

1931இல் ஏதென்ஸை ஒட்டிய நேயா இயோனியாவில், ஆசியா மைனரிலிருந்து வந்த அகதிக் குடும்பத்தில் பிறந்தவர். உள்நாட்டுப் போர்க் காலத்தில் தந்தையை இழந்து, சிறுவயதிலேயே கூலி வேலைக்குப் போனவர். 1960களில் கிரேக்கர்கள் ஜெர்மானியத் தொழிற்சாலைகளை நோக்கிக் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டபோது அவர்களுடைய துயரம் இவர் குரலில்தான் ஒலித்தது. 'க்ஸெனித்தியா' என்கிறார்கள். அந்நிய மண், அங்கே வாழ நேர்வதன் வலி, இரண்டையும் குறிக்கும் சொல்.

புகழின் உச்சத்தில், 1965இல், இரவு விடுதி மேடைகளிலிருந்து இறங்கினார். 2001இல் இறக்கும்வரை திரும்ப ஏறவில்லை. இசைத்தட்டு நிறுவனத்துடன் ஏற்பட்ட ஒப்பந்தத் தகராறில், 1970களின் பிற்பகுதியிலிருந்து 1987 வரை புதிய பாடல்களும் இல்லை. மீன்பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் ஊரைவிட்டு வந்து பதினோரு ஆண்டுகளாகின்றன. இவர் பாடுவதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்காது. இருந்தும், அம்மாவிடம் தொலைபேசியில் பேசி முடித்த இரவுகளில் மட்டும் இவரைக் கேட்பதில்லை.