கித்தாவும் கித்தாரும்

பீடோங்கில் ஒரு தாமான் வீட்டு முன்வாசலில் உட்கார்ந்திருந்தேன். மடியில் நாலு தந்தி பேஸ் கித்தார். தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, நடுவில் எவ்வளவு சந்து விழுகிறது என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். ஒரு பெயரட்டை நுழைந்தால் சரி. இதிலோ பத்து காசு நாணயமே தாராளமாகப் போய்வந்தது.

“என்னண்ணே, துப்பாக்கியில குறி பாக்கிற மாதிரி பாக்குறீங்க?” என்றான் விற்கிற தம்பி.

“கழுத்து வளைஞ்சிருக்குடா தம்பி.”

“கார் பின்னாடியே ரெண்டு மாசம் கெடந்துச்சுண்ணே.”

ஒளிக்காமல் சொன்னதே எனக்குப் பிடித்துவிட்டது. நம் ஊர் வெயிலில் மூடிக் கிடக்கும் காருக்குள் எந்த மரம் நேராக நிற்கும்? கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது. தந்திகள் இழுக்கும் இழுப்புக்கு எதிராக அதை முறுக்கினால் வளைவு நிமிரும். அதனால் வளைவு எனக்குப் பெரிய குறையில்லை. முறுகிய கழுத்துதான் தீராத நோய். தலைப்பக்கமிருந்து நீளவாக்கில் பார்த்தேன், முறுகல் இல்லை. ஆம்ப்பில் செருகி வால்யூம் குமிழைத் திருப்பியதும் கடுகு வெடித்தது. அறுநூறு சொன்னவன் நானூற்றைம்பது வெள்ளிக்கு இறங்கினான். திருவிழா மேடைகளில் வாசித்துக்கொண்டிருந்தவன், ஜொகூரில் வேலை கிடைத்துப் போகிறான். பையை என் கையில் கொடுக்குமுன் ஒருமுறை ஜிப்பைத் திறந்து பார்த்து மூடினான்.

எனக்கு இந்த வாத்தியத்தின் மேல் ஆசை வந்த கதை சின்னது. பீடோங்கைத் தாண்டி ஒரு தோட்டத்தில் வளர்ந்தேன். இன்று அங்கே செம்பனை, அன்று கித்தா எனும் ரப்பர்க் காடு. கோயில் திடலில் திருவிழாக் கச்சேரி நடக்கும் இரவில் காய்ச்சல் வந்தால் வீட்டில் கிடக்க வேண்டியதுதான். லய வீட்டில் படுத்துக் கேட்டால் பாடகர் குரல் வராது, வயலின் வராது. பேஸ் மட்டும் வரும். அதை வைத்தே என்ன பாட்டு என்று சொல்லிவிடுவோம். இளையராஜா பாட்டென்றால் சந்தேகமே வராது, அவருடைய பேஸ் தனியாகவே ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போகும். காரணம் பின்னால்தான் தெரிந்தது. பேஸின் அடித்தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. அந்த அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். மரங்களை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் வளைந்து வந்துவிடும். உயர்ந்த சுருதி ஒலிகளை இலைகளே தின்றுவிடும்.

மறுநாள் பேஸைச் சரிபார்க்கக் கூலிமில் இருக்கும் பட்டறைக்குப் போனேன். சுங்கைப்பட்டாணியிலிருந்து பாடாங் செராய், லூனாஸ் வழி. பட்டறை என்றால் கடைவரிசையின் பின்பக்கத்தில் ஓர் அறை. பூதக்கண்ணாடி வைத்த விளக்கு, ஈயம் பற்றவைக்கும் கோல், சுவரில் அலிகேட்ஸ் இசைக்குழுவின் கேசட் அட்டை ஒன்று. பினாங்கிலிருந்து கிளம்பி மலாய்ப் பாட்டில் நாட்டையே கட்டிப்போட்ட டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் சுருள்சுருளான முடியோடு அதில் சிரித்தார்கள்.

பட்டறைக்காரர் அறுபதைத் தொட்டவர். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். மின்னணுத் தொழிற்சாலையில் இருபது வருடம் வேலை. கூலிம் ஹைடெக் பார்க் 1996இல் திறந்தபின் இந்தப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இப்படிப் பால்வாளியை விட்டுச் சில்லுகளுக்கு வந்தார்கள். இன்னும் பழக்கதோஷத்தில் மணிக்கட்டில் நிலைமின் பட்டை கட்டிக்கொண்டுதான் உட்காருகிறார்.

“புது பிக்கப் வாங்கிப் போட்டுடலாமாண்ணே?” என்றேன். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்குவது பிக்கப்தான்; முந்தின ராத்திரியே அமெரிக்கச் சரக்கின் விலை பார்த்து வைத்திருந்தேன்.

“மொதல்ல தொறப்போம் தம்பி. தொறக்காம ஏன் காசு?”

பின்மூடியைக் கழற்றினார். ஒன்பது வோல்ட் பேட்டரி ஒழுகிக் காய்ந்து, முனைகளில் பச்சை பூத்திருந்தது. ஒரு கறுப்புக் கம்பியை லேசாக இழுத்தார், கையோடு வந்துவிட்டது. “பாருங்க, ஈயம் உருண்டையா நிக்குது. பரந்து படிஞ்சிருந்தாத்தான் புடிச்சிருக்குன்னு அர்த்தம். இது சும்மா ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு.” குமிழின் அடியிலுள்ள துளையில் மருந்து அடித்து இருபது முறை திருப்பினார். கடுகு அடங்கியது.

உள்குழியில் சாயம் படாத இடத்தில் மரம் செந்தவிட்டு நிறத்தில் தெரிந்தது. ஞாத்தோ என்றார். இந்தோனேசியாவில் செய்யப்படும் பல பேஸ்களுக்கு உடல் அந்த மரம்தான். ஞாத்தோவின் குடும்பத்தில்தான் ‘கெத்தா பெர்ச்சா’ மரமும் வருகிறது; அதன் பாலை உறையவைத்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டார்கள். மரப்பாலுக்கு மலாய்க்காரர் சொல்லும் கெத்தா நம் வாயில் கித்தா ஆனது. என் அம்மா கித்தா மரம் சீவினாள், நான் கித்தார் மீட்டுகிறேன். நடுவில் ஒரு ‘ர்’தான் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கோல் சூடாகிவிட்டது.

அவர் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. ஆறு கால் வைத்த சின்ன சுவிட்ச். ஒரு பக்கம் தள்ளினால் பிக்கப்பின் மின்சாரம் பேட்டரிச் சுற்று வழியாகப் போய்ப் பெருகும். மறுபக்கம் தள்ளினால் சுற்றையே தொடாமல் நேராகக் கேபிளுக்கு. மேடையில் பேட்டரி செத்தாலும் சத்தம் நிற்காது. உள்குழிச் சுவர்களில் செப்புத்தாள் ஒட்டித் தரைக்கம்பியோடு இணைத்தார். குழல்விளக்கின் இரைச்சல் பாதிக்குமேல் போயிற்று. கழுத்துக் கம்பியைக் கால் சுற்று முறுக்கிவிட்டு, “ஒரு ராத்திரி விடுங்க, மரம் மெதுவாத்தான் கேக்கும்” என்றார்.

“நீங்க ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்களேண்ணே.”

“எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி.”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது, இருந்திருக்க வேண்டியதில்லை. 1951இல் பிரெசிஷன் பேஸைக் கொண்டுவந்த லியோ ஃபெண்டருக்கும் கித்தார் வாசிக்கத் தெரியாது. அவர் கலிபோர்னியாவில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். ஆளுயர டபுள்பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்காக, ஃப்ரெட் வைத்து, தோளில் மாட்டுகிற மாதிரி 34 அங்குலத் தந்தி நீளத்தில் செய்து கொடுத்தார்.

கூலி நூற்றிருபது வெள்ளி. அமெரிக்க பிக்கப்பின் விலையைச் சொன்னேன். “அந்தக் காசுக்கு நல்ல ஆம்ப் வாங்குங்க” என்றார். வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னார்: “வாசிச்சு முடிச்சா கேபிளக் கழட்டிடுங்க. கேபிள் உள்ள இருக்கிறவரைக்கும் பேட்டரி ஓடிக்கிட்டேதான் இருக்கும். பேட்டரிய அணைக்க இதுல தனியா ஸ்விட்ச் கெடையாது.”

அன்றிரவு இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி வாசித்தேன். பேட்டரிப் பக்கம் கண்ணாடிபோல் தெளிவு. நேர்ப்பக்கம் கொஞ்சம் மங்கல், கொஞ்சம் தடிப்பு. லயத்தில் படுத்துக் கேட்ட சத்தத்துக்குப் பக்கத்தில் வந்தது. பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி விளக்கை அணைத்ததும் நானும் நிறுத்திவிட்டுப் படுத்தேன். மணி இரண்டிருக்கும், எழுந்துபோய் இருட்டில் தடவிக் கேபிளைக் கழற்றினேன்.