ஏழு கிலோ மூட்டை

கல்யாணமான புதிதில் தம்பதிகள் ஊர் சுற்றப் போனால் அதற்குத் தேனிலவு என்று பெயர். அறுபதைத் தாண்டிய பிறகு போனால் அது காசி யாத்திரை. இந்த இரண்டிலும் சேராத ஒரு பிரயாணம் உண்டு என்பதை நம்மவர்கள் சுலபத்தில் ஒப்புக்கொள்வதில்லை. "எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்பார்கள். கோயில் இல்லையென்றால், "யார் இருக்கிறார்கள் அங்கே, பிள்ளையா, பெண்ணா?" என்பார்கள். ஒருவரும் இல்லை, சும்மாத்தான் என்று சொன்னால் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ சரியில்லை என்று நினைப்பார்களோ என்னவோ!

நானும் என் மனைவியும் சும்மாத்தான் புறப்பட்டோம். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திருச்சியில் விமானம் ஏறி, கோலாலம்பூரில் மாறி, பாலித் தீவில் இறங்குவது. அங்கிருந்து விமானத்தைத் தொடுவதில்லை. பஸ், ரெயில், படகு, கப்பல், கால்நடை என்று வடக்கே ஏறிக்கொண்டே வந்து தாய்லாந்தில், அதாவது நம் பாட்டனார் பாஷையில் சயாமில், முடிப்பது. 42 நாள். ஆளுக்கொரு முதுகுப் பை. பைக்கு எடை ஏழு கிலோ.

இந்த ஏழு கிலோவை நிர்ணயித்தவள் என் மனைவி. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவளிடம் அரைக் கிலோவுக்குப் பேரம் பேசுவது வீண். சமையலறைத் தராசைக் கூடத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானையும் நிறுத்தாள். என் இரண்டு நாவல்கள் தள்ளுபடியாயின. நாலு சட்டை இரண்டாயிற்று. புளிக்காய்ச்சலும் வேர்க்கடலைப் பொடியும் மட்டும் விவாதம் இல்லாமல் உள்ளே போயின. கடைசியில் பழைய பத்திரிகைக் காகிதத்தில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்றைத் தன் பையின் அடியில் வைத்தாள். "அது என்ன?" என்றேன். "ஐம்பது கிராம்தான்" என்றாள். கேட்டதற்கு அது பதிலில்லை. ஆனாலும் கணக்கு சரியாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

பாலியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதாதவர்களே பாக்கியில்லை. காலையில் கடை வாசலில் சின்ன ஓலைத் தட்டில் பூவும் ஊதுவத்தியும் வைத்து, தரையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். போகிற வருகிற கால்களுக்கு நடுவே அது பாட்டுக்குப் புகைந்துகொண்டிருக்கிறது. "நாம் கோலம் போடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி" என்றாள் மனைவி. அவ்வளவு போதும் பாலிக்கு.

கிலிமானுக் துறையில் படகேறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஜாவா. அக்கரையில் கேதாபாங்கில் ரெயில் பிடித்து, பகலெல்லாம் நெல் வயலையும் எரிமலையையும் பார்த்துக்கொண்டு ஜோக்ஜகர்த்தா வந்து சேர்ந்தோம். அங்கே தங்கியது மாடிக் கட்டில் போட்ட விடுதி. ஓர் அறையில் எட்டுப் பேர். மற்ற ஆறு பேரும் ஐரோப்பாவிலிருந்து வந்த சிறுசுகள். எங்கள் பேரன் வயசு. ராத்திரி நான் மேல் கட்டிலிலிருந்து இறங்க ஏணியைத் தேடியபோது, ஒரு பையன் எழுந்து வந்து, தூக்கக் கலக்கத்தோடேயே என் பாதத்தைப் பிடித்து ஏணிப் படியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாள் புளிக்காய்ச்சலில் அவனுக்கும் பங்கு கிடைத்தது.

பிரம்பனன் கோயில் அந்த ஊருக்குப் பக்கம். பெயரைக் கேட்டதும் பெரம்பலூர்க்காரியான என் மனைவி, "நம்ம ஊர்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஒன்பதாம் நூற்றாண்டுக் கோயில். நடுவிலுள்ள சிவன் கோயில் 47 மீட்டர் உயரம். தெற்கே அகஸ்தியர், மேற்கே பிள்ளையார், வடக்கே மகிஷனை மிதித்து நிற்கிற துர்க்கை. ஆனால் அந்த ஊர் ஜனங்கள் அவளைத் துர்க்கை என்று சொல்வதில்லை. ரோரோ ஜொங்ராங் என்கிறார்கள். அவள் ஒரு ராஜகுமாரியாம். தன் தகப்பனைக் கொன்றவனே வந்து கல்யாணம் செய்துகொள் என்று நிற்க, ஒரே ராத்திரியில் ஆயிரம் சிலை செய்துகொடு என்றாளாம். பூதங்களைக் கொண்டு அவன் 999 முடித்துவிட்டான். உடனே அவள் ஊர்ப் பெண்களை எழுப்பி, கிழக்கே நெருப்பு மூட்டி, உரலில் நெல் குத்தச் சொன்னாள். உலக்கைச் சத்தம் கேட்டதும் சேவல் கூவிவிட்டது. பூதங்கள் விடிந்துவிட்டதென்று ஓடிப்போயின. கோபத்தில் அவன் அவளையே ஆயிரமாவது சிலையாக்கிவிட்டான்.

கதையைக் கேட்டுக்கொண்டே இருந்த என் மனைவி, "இன்றைக்கு என்ன கிழமை?" என்றாள். வெள்ளிக்கிழமை. அவள் பிறந்த ஊர் சிறுவாச்சூர். பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி சாலையில் இருக்கிறது. அங்கே மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும் மட்டுந்தான் திறக்கும். மற்ற நாட்களில் அம்மன் பெரியசாமி மலையில் இருப்பதாக ஐதீகம். திறக்கிற நாட்களில் பெண்கள் ஊறவைத்த அரிசியைக் கோயிலிலேயே இடித்து மாவிளக்குப் போடுவார்கள். குழந்தையிலிருந்து அந்த உலக்கைச் சத்தத்தில் வளர்ந்தவள், ஜாவாவில் ஒரு கல் அறையின் இருட்டில், அரிசி இடித்த பெண்களின் கதையைக் கேட்டுக் கை கூப்பிக்கொண்டு நின்றாள். வெளியே வந்ததும், "அவள் கேட்டது தப்பே இல்லை" என்று மட்டும் சொன்னாள்.

ஜகார்த்தாவிலிருந்து 'கேலுட்' என்ற கப்பல் பாத்தாம் தீவுக்குப் போகிறது. ஒரு நாளுக்கு மேல் ஆகும். மலிவு டிக்கெட்டுக்கு வரிசை வரிசையாக மெத்தை. பக்கத்து மெத்தையில் ஒரு குடும்பம் கோழியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கொண்டுவந்திருந்தது. சோறு பெட்டியில் வரும். குழந்தை அழும். பாட்டுப் போடுவார்கள். நான் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "'ராஜுலா'வும் இப்படித்தான் இருந்திருக்குமோ?" என்று பின்னாலிருந்து கேட்டாள் மனைவி.

'ராஜுலா'வைத் தெரியாத பழைய தலைமுறை தஞ்சையிலும் திருச்சியிலும் கிடையாது. 1926 முதல் ஏறக்குறைய ஐம்பது வருஷம், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த கப்பல். டெக் பிரயாணிகளே ஆயிரக்கணக்கில். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நாங்கள் சும்மாப் புறப்படவில்லை. நான் ஒருவன்தான் சும்மாப் புறப்பட்டிருக்கிறேன்.

சிறுவாச்சூரில் என் மனைவிக்குப் பெரியம்மா முறையில் ஒரு கிழவி இருக்கிறாள். வயது 88. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது, 1937இல், அவளுடைய தகப்பனார் மலேயாவுக்குப் போனார். இரண்டு வருஷம் வானம் ஏமாற்றியது, கம்பு கருகிப்போயிற்று, கங்காணி வந்தான், போய்விட்டார். கதை அவ்வளவுதான். பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் ஊருக்கு நாலு கதை இப்படி இருக்கும். 1938 ஜூனில் இந்திய அரசாங்கம் தோட்டக் கூலிகள் மலேயாவுக்குப் போவதைத் தடுத்துவிட்டது. இவர் அதற்கு முந்தின வருஷமே போய்விட்டவர். சுங்கை பட்டாணியிலிருந்து மூன்று தடவை பணமும் ஒரு கடிதமும் வந்தன. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலேயாவில் இறங்கினான். அதோடு தபால் நின்றது. சண்டை முடிந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், "சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், நான் பார்த்தேன்" என்றார். அதற்குப் பிறகு அவரும் ஒன்றும் பார்க்கவில்லை.

இப்படியொரு கேள்வி குடும்பத்துக்குள் வந்துவிட்டால் அது லேசில் போகாது. செத்தார் என்று சொல்ல ஆள் இல்லை. ஆகவே காரியம் செய்யவில்லை. பெரியம்மாவின் தாயார் கடைசி வரை பொட்டை அழிக்கவில்லை. 1970களில் அவள் இறந்தபோது சுமங்கலியாகத்தான் எடுத்துப் போனார்கள். நூறு பேர் நூறு விதமாகப் பேசினார்களாம். பேசட்டுமே!

சிங்கப்பூரை இரண்டு நாளில் கடந்தோம். அது பணம் உள்ளவர்களுக்கு ஏற்பட்ட ஊர். பாலத்தைத் தாண்டி ஜோகூர், கோலாலம்பூர், பிறகு கெடா மாநிலத்தில் சுங்கை பட்டாணி. கடிதத்தில் தோட்டத்தின் பெயர் இல்லை. இருந்தாலும் பயனில்லை, ரப்பர் நின்ற இடங்களில் பெரும்பாலும் எண்ணெய்ப் பனையும் புது வீடுகளும் நிற்கின்றன. ஊருக்குப் பக்கத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு. பழைய கோயில்களின் அடித்தளங்களைத் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். அதுதான் நம்முடைய கடாரம். 1025 வாக்கில் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்து அடித்த இடம். அவன் தலைநகரமான கங்கைகொண்ட சோழபுரம் இப்போது அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஜெயித்த ஊர்களை எல்லாம் வரிசையாகத் தஞ்சைக் கோயில் கல்லில் வெட்டிவைத்துவிட்டான். அவனைப் பற்றி எழுத என்னைப் போன்ற கதைக்காரர்கள் இன்றைக்கும் போட்டி போடுகிறோம். அதே மண்ணிலிருந்து அதே கடாரத்துக்கு ஒரு மூட்டையோடு வந்தவருக்குத் தோட்டத்துப் பெயர்கூட மிஞ்சவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' எழுதினார், அ. ரெங்கசாமி 'நினைவுச்சின்னம்' எழுதினார். இரண்டு பேரும் மலேசியாக்காரர்கள். இந்தக் கரையில் இருந்த நாங்கள் ராஜாக்களோடு திருப்திப்பட்டுக்கொண்டோம்.

பினாங்கில் கிழக்குக் கரையோரமாகப் போனால் எதிரே ஒரு பச்சைத் தீவு தெரியும். பூலாவ் ஜெரெஜாக். கப்பலில் வந்த கூலிகளை இறக்கி, நோய் இருக்கிறதா என்று அடைத்துவைத்துப் பார்த்த இடம். மனைவி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று பினாங்கில் சாப்பாடு பிரமாதம். அதைப் பற்றி எழுத மனமில்லை.

பாடாங் பெசார் எல்லையில் சாயங்காலம் பாங்காக் வண்டி ஏறினோம். ஆசாமி வந்து இருக்கையை இழுத்துக் கட்டிலாக்கி, வெள்ளைத் துப்பட்டி விரித்து, திரை தொங்கவிட்டுப் போனான். இதே பாதையில்தான் மலேயாவிலிருந்து தமிழர்களைச் சரக்கு வண்டிகளில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். ராத்திரி முழுவதும் எதிர்க் கட்டிலில் திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்தது. விடிந்த பிறகு பான் போங் ஸ்டேஷன் ஓடி மறைந்தது. அவர்களை இறக்கிய இடம் அதுதான். அங்கிருந்து காட்டுக்குள் நடை.

நாக்கோன் பாத்தோமில் இறங்கி வேறு வண்டி. மரப் பலகை, திறந்த ஜன்னல், அயல்நாட்டாருக்கு 100 பாட். இந்தப் பாதைதான் ஜப்பானியர் பர்மாவுக்குப் போட்டது. 415 கிலோமீட்டர். 1942 நடுவில் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள். வெள்ளைக்காரக் கைதிகள் அறுபதாயிரத்துக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர் 1,80,000க்கு மேல் என்கிறார்கள். செத்தவர்கள் ஏறக்குறைய 90,000. அடியும் பட்டினியும் ஒரு பக்கம். 1943இல் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டு விடாமல் அடித்தது. முகாம்கள் சேறாயின. கூடவே காலரா வந்தது. கூலி லயங்களில் வைத்தியரும் இல்லை, கணக்கெழுதுகிறவரும் இல்லை.

காஞ்சனபுரியில் கைதிகளின் கல்லறைத் தோட்டம் கண்ணாடி மாதிரி இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப் பிரிவு. ஒரு மணி நேரம் நடந்து படித்தோம். 22, 24, 31. மனத்தைப் பிசைந்தது, பொறாமையாகவும் இருந்தது. அதை ஒட்டினாற்போல வாட் தாவோர்ன் என்ற புத்த விகாரை. அங்கே 2023இல் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டியிருக்கிறார்கள். எண்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு கல். என் மனைவி தெருவில் வாங்கிய மல்லிகைச் சரத்தை அதன் அடியில் வைத்தாள். பிறகு பையை இறக்கி, அடியில் கையை விட்டு, அந்தப் பொட்டலத்தை எடுத்தாள்.

எள்.

ஆற்றங்கரைக்குப் போனோம். படித்துறையில் நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி நின்றேன். எள்ளும் தண்ணீரும் இறைப்பதற்கு நான் தயார். அவள் பிரிக்கவில்லை.

"இறைச்சா, அவர் செத்துட்டார்னு நாம சொன்னதா ஆயிடும்" என்றாள்.

"இருந்தால் இன்றைக்கு 110 வயசுக்கு மேல்" என்று கணக்கு வாத்தியாருக்கே கணக்குச் சொன்னேன்.

"அது எனக்குத் தெரியாதா? சின்னப் பாட்டி பொட்டோட போனாங்க. பெரியம்மா ஒரு வார்த்தை சொல்லலை. அவங்களைக் கேட்காம நாம யாரு?"

பாலத்தின் மேல் ஜனங்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறு நிறையத் தண்ணீர். சிறிது நேரம் கழித்து அவள் பொட்டலத்தைப் பழையபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். நான் காலைத் துடைத்துக்கொண்டு கரையேறினேன்.

பாங்காக்கிலிருந்து திரும்பி, ஒரு வெள்ளிக்கிழமை பார்த்துச் சிறுவாச்சூர் போனோம். மாவிளக்குப் போட்டுவிட்டுப் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது, அவள் திண்ணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் அரிந்துகொண்டிருந்தாள். மனைவி எல்லாவற்றையும் சொன்னாள்: கப்பல், பினாங்குத் தீவு, ரெயில், பாலம், கல். எள்ளைப் பற்றியும் சொன்னாள். பெரியம்மா அரிவாள்மனையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காது கேட்கிறதா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"ஏன் மாப்ளே," என்று என் பக்கம் திரும்பினாள். "அந்த ஊர்ல மழை பெய்யுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"நல்ல மழை பெரியம்மா. வருசத்துல பாதி நாள் பெய்யும்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.