இரண்டாவது வாய்

கணவனும் மனைவியுமாக நாங்கள் கடலுக்குள் இறங்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முகமூடியும் கால் துடுப்புகளும் சொந்தமாக வாங்கிவிட்டோம். ரெகுலேட்டரை மட்டும் வாடகைக்கே எடுத்துவந்தோம். விலை அப்படி.

சென்ற ஆண்டு புதுச்சேரிக் கடலில், 16 மீட்டர் ஆழத்தில், எங்களில் ஒருவரின் ரெகுலேட்டர் அடங்காமல் காற்றைக் கொட்டத் தொடங்கியது. பழுதானால் காற்றை நிறுத்திவிடாமல் கொட்டும்படியாகத்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள் என்பது நாங்கள் வகுப்பில் படித்ததே. ஆயினும் 120 பாரில் இருந்த முள் கண்ணெதிரே சரிவதைப் பார்க்கும்போது படிப்பு உதவிக்கு வருவதில்லை. மற்றவர் தம் ஆக்டோபஸை நீட்டினார். உபரியாகத் தொங்கும் அந்த மஞ்சள் நிற வாய்க்கு அதுதான் பெயர். அதில் வந்தது பாதி காற்று, பாதி உப்புநீர். இருமிக்கொண்டே மேலே வந்தோம். வாய்ப்பகுதியின் ரப்பர் கிழிந்திருந்ததைப் படகில் வைத்துத்தான் கண்டோம். இறங்குமுன் இருவருமே அதைச் சோதிக்கவில்லை. பழியில் எங்களுக்கும் பங்குண்டு.

அதன்பின் இரண்டு மாதங்கள் எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை. சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தை முதல் நிலை, சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 10 பார் மட்டுமே கூடுதலாக இருக்கும்படி குறைக்கிறது. வாயிலுள்ள இரண்டாம் நிலை அதையும் தணித்து, இழுத்தால் மட்டும் தருகிறது. 1943இல் கூஸ்தோவும் எமில் கான்யானும் செய்த கருவியும் இதே வேலையைத்தான் செய்தது. போர்க்காலப் பெட்ரோல் பஞ்சத்தில் கார்களுக்கு எரிவாயு ஊட்ட கான்யான் உருவாக்கியிருந்த வால்வு அதன் மூதாதை. மார்ன் ஆற்றில் முதல் சோதனையின்போது நிமிர்ந்து நின்றால் காற்று பீறிட்டதாம்; தலைகீழானால் இழுக்கவே முடியவில்லையாம். எங்களுக்கு அதைப் படித்தபோது ஏனோ ஆறுதலாக இருந்தது.

பிஸ்டனா, டயாஃப்ரமா என்பது முதல் வழக்கு. பிஸ்டனில் உறுப்புகள் குறைவு, பராமரிப்பு எளிது. ஆனால் எங்கள் கடல் கலங்கல் மிகுந்தது. உள்ளுறுப்புகளில் உப்பும் மணலும் படியாதபடி மூடப்பட்ட டயாஃப்ரம் வகையே மேல் என்று முடிவாயிற்று. உறைகுளிர் நீருக்கென்று விற்கப்படும் சிறப்பம்சங்களுக்கு வங்காள விரிகுடாவில் வேலையில்லை. சமன்செய்யப்பட்ட முதல் நிலை வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே எழவில்லை. அஃதில்லாத எளிய பிஸ்டன் வகைகளில் சிலிண்டர் காலியாகக் காலியாக மூச்சிழுப்பது கனத்துக்கொண்டே போகும். கடைசி 50 பாரில், மனம் ஏற்கெனவே பதறும் வேளையில், அந்தக் கனம் தேவையா?

சிக்கல் பணத்தில் வந்தது. ஒன்றை உயர்ரகமாகவும் மற்றொன்றைச் சாதாரணமாகவும் வாங்கலாமே என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். எது யாருக்கு என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். யோசனை அங்கேயே முடிந்தது. நடுத்தரத்தில் ஒரே மாதிரியாக இரண்டு என்று தீர்மானித்தோம்.

கடைக்காரர் பட்டியலின் ஓரத்தில் மலிவான ஓர் ஆக்டோபஸை எழுதினார். "எல்லாரும் இதுதான் எடுப்பாங்க சார். பயன்படுத்தவா போறீங்க?" என்றார். அவர் சொன்னது நடைமுறை உண்மை. பெரும்பாலும் அது தொங்கிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் எங்கள் கணக்கு வேறு. அவரவர் விலை கொடுத்து வாங்கும் ஆக்டோபஸ் அவரவர் வாய்க்கானது அன்று. அதில் மூச்சுவிடப்போவது மற்றவர். அவரவருக்கு நல்லதை வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு மட்டமானதைத் தொங்கவிடுவதா? முதன்மையானதற்கு நிகரான தரத்திலேயே இரண்டு ஆக்டோபஸ்கள் கேட்டோம். அதற்காகக் கையில் கட்டும் ஆழமானிகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தோம். அவை இன்னும் வாடகைதான்.

சென்ற மாதம் முதன்முறையாக இறங்கினோம். 6 மீட்டரில், மணற்பரப்பில் மண்டியிட்டு, ஒருவர் ஆக்டோபஸை மற்றவர் வாங்கி ஐந்து நிமிடங்கள் மூச்சுவிட்டோம். உப்புக் கரிக்கவில்லை.