ஜாதியில்லாத நாய்

செங்கற்பட்டில் நாய் வளர்க்க விரும்புவோர் முதலில் ஜாதியைத்தான் விசாரிக்கிறார்கள். இராஜபாளையமா, சிப்பிப்பாறையா என்று கேட்டு ஆயிரக்கணக்கில் கொடுக்கவும் தயங்குவதில்லை. நானோ, கேப்டன் சுந்தரம் 1959-இல் ஸ்தாபித்த ப்ளூ கிராஸ் சங்கத்தின் காப்பகத்திலிருந்து, ஜாதியும் விலையும் இல்லாத கிழட்டு நாய் ஒன்றை அழைத்து வந்தேன். சென்னை மாநகராட்சி தெருநாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்ற காலம் ஒன்றிருந்தது. 1996-இல் அதைக் கைவிட்டுக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் மாறியதில் இச்சங்கத்தின் முயற்சி பெரிது.

“வளர்ந்த நாய் நம்மிடம் ஒட்டுமாடா?” என்றார் தாயார். நியாயமான சந்தேகந்தான். எட்டு நாட்கள் அது கட்டிலடியை விட்டு வெளிவரவில்லை. ஒன்பதாம் நாள் மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துச் சென்றோம். அலையைக் கண்டதும் தாயாரின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. காவலுக்கென்று கொண்டுவந்த நாய்! அன்றிரவு அவர் கையிலிருந்தே தயிர்ச்சாதம் தின்றது.