முந்திப் பறந்த அம்பு





சில ஆண்டுகளுக்கு முன்பு ஊழியர் கூட்டமொன்றிற்காக ஜப்பான் தேசத்திற்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு மாலைவேளையில், ‘கியூடோ’ எனப்படும் அவர்களுடைய பாரம்பரிய வில்வித்தையைக் காணும் வாய்ப்புக் கிடைத்தது. மூங்கிலும் மரமும் சேர்த்துச் செய்த வில்லின் நீளம் ஏழு அடிக்கும் மேல். இலக்கோ 28 மீட்டர் தொலைவில். அதன் விட்டம் 36 சென்டிமீட்டர் மட்டுமே. ஓர் அம்பை எய்வதற்கு எட்டு நிலைகள் உண்டு. ஆறாவது நிலையில் நாண் முழுவதும் இழுக்கப்பட்டாயிற்று; குறியும் நேரே தெரிகிறது. ஆயினும் வில்லாளர் உடனே எய்வதில்லை. அந்தப் பாரத்தைத் தாங்கியபடி, அசையாமல் சில வினாடிகள் நிற்கிறார்.

என்னை அழைத்துச் சென்ற சகோதரர், அந்த நிலையில் வரும் ஒரு குறைபாட்டைப் பற்றிச் சொன்னார். அதற்கு ‘ஹயாகே’ என்று பெயர். குறியைக் கண்டதுமே, ஏற்ற வேளைக்கு முன்பே, கை தன்னையறியாமல் நாணை விட்டுவிடுமாம். தொடக்க மாணவர்களை மட்டுமல்ல, பல்லாண்டு பழகியவர்களையும் அது பிடித்துக்கொள்ளும். அப்படி விட்ட அம்பு சில வேளைகளில் குறியிலும் தைக்கும். எனினும் அதை நல்ல எய்தலாக அவர்கள் எண்ணுவதில்லை.

வியப்போடு கேட்டேன், பின்பு மறந்துவிட்டேன். அதை எனக்கு நினைப்பூட்டியவர் ஒரு தாயார். அவர்களுடைய அனுமதியோடே இதை எழுதுகிறேன்.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தேன். “ஐயா, மகன் வேலையை விட்டுவிட்டான்” என்று தொடங்கினார்கள். இத்தகைய பாரங்களை எத்தனையோ முறை கேட்டவன் நான். அவர்கள் அடுத்த வார்த்தையைச் சொல்லுமுன்னே, கவலைப்படாதிருக்கும்படி பவுல் பிலிப்பியருக்கு எழுதிய ஆலோசனையைச் சொன்னேன், ஜெபித்தேன், ஆமென் என்றேன். வசனம் சரியானதே, ஜெபமும் மெய்யானதே. “சரிங்க ஐயா” என்று போய்விட்டார்கள்.

இரண்டு மாதங்களுக்குப் பின்புதான், அந்த வீட்டில் ஒருவேளை மாத்திரமே அடுப்பெரிந்தது என்று அறிந்தேன். ஓடிச்சென்று, “அம்மா, ஏன் என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “அதைச் சொல்லத்தான் ஐயா அன்றைக்கு வந்தேன். அதற்குள் நீங்கள் ஜெபத்தை முடித்துவிட்டீர்கள்” என்றார்கள்.

அவர்கள் குற்றஞ்சாட்டிச் சொல்லவில்லை. ஆனாலும் முந்திப் பறந்த என் அம்பை அன்று கண்டேன்.

2 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரத்தில் யோவாஸ் ராஜாவைப் பார்க்கிறோம். மரணப்படுக்கையில் இருந்த எலிசா, வில்லைப் பிடித்த ராஜாவின் கைகள்மேல் தன் கைகளை வைத்தார். அம்பும் கிழக்கு நோக்கிப் பறந்தது. பின்பு அம்புகளால் தரையில் அடிக்கச் சொன்னபோதோ, ராஜா மூன்று முறை அடித்து நிறுத்திவிட்டான். ஐந்தாறு முறை அடித்திருந்தால் சீரியரை முற்றும் முறியடித்திருப்பான் என்று தீர்க்கதரிசி கோபங்கொண்டார். எத்தனை முறை என்று சொல்லாமலே கோபிப்பது நியாயமா என்று முன்பு எண்ணியதுண்டு. இப்போது எண்ணுவதில்லை. ‘இவ்வளவு போதும்’ என்று தீர்மானித்தவன் அவனே.

பிரியமானவர்களே, விசுவாசத்தில் கவனம் என்பது குறியைக் காண்பது மட்டுமன்று. ஏற்ற வேளைமட்டும் நாணைத் தாங்கி நிற்பதுமாகும். நாம் குறியைக் காணாதவர்கள் அல்ல. வசனம் நமக்குத் தெரியும், காத்திருக்கத்தான் தெரிவதில்லை.

ஹயாகே பிடித்த வில்லாளரை மீண்டும் வைக்கோல் கட்டின் முன்னே நிறுத்துவார்களாம். ஏறத்தாழ ஒரு வில்லின் தூரத்திலேயே அது இருக்கும். அங்கே குறி தப்புமோ என்ற பயமில்லை, எண்ணிக்கையும் இல்லை. நமக்கும் அப்படி ஓர் இடத்தை ஆண்டவர் மத்தேயு 6-இல் காட்டியிருக்கிறார்: கதவு பூட்டிய அறை. யாரும் பாராத அவ்விடத்தில் தேவனுக்கு முன்பாகத் தரித்திருக்கப் பழகினவனே, பிறனுடைய பேச்சு முடியும்வரை தரித்திருப்பான்.

இந்த வாரம் ஒருவர் தம் துயரத்தைச் சொல்லத் தொடங்கினால், வசனத்தை நாவில் சற்றே தாங்கி நில்லுங்கள். “இன்னும் ஏதாவது உண்டா?” என்று கேளுங்கள். நானும் அதையே பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஜெபம்: அன்பின் பிதாவே, முந்துகிற எங்கள் கைகளின்மேல் உமது கரத்தை வையும். நீர் சொல்லும்வரை தரித்திருக்கும் பெலனைத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.