மாடு மேய்ப்பவன் வீட்டில் ஒரு பையன்

கௌபாய் என்றதும் நம்மில் பலருக்கு ஜெய்சங்கர் ஞாபகம் வரும். 1972-இல் கர்ணன் இயக்கிய 'கங்கா' படத்தில் தொப்பியும் குதிரையுமாக வந்தவர். என் அண்ணனுக்கு டெக்ஸ் வில்லர். தமிழ்நாட்டிலிருந்து யார் வந்தாலும் லயன் காமிக்ஸ் வாங்கிவரச் சொல்லி நச்சரிப்பார். அந்த டெக்ஸும் மனைவியை இழந்தவர்தான், ஒரு மகனுக்குத் தகப்பன்தான். ஆனால் அவர் மகன் கிட் வளர்ந்த பிள்ளை. துப்பாக்கியை எடுத்துக்கொண்டு அப்பாவோடு கிளம்பிவிடுவான். அவனுக்கு யாரும் சோறு ஊட்ட வேண்டியதில்லை.

இப்போது ஆங்கிலத்தில் வரும் கௌபாய் காதல் நாவல்களில் சோறு ஊட்டுவதுதான் கதை. துப்பாக்கிச் சண்டை கிடையாது. குதிரை இருக்கும், பிக்கப் லாரியும் கைப்பேசியும் இருக்கும். கூடவே ஒரு சின்னப் பிள்ளை இருக்கும். அதன் தாய் இறந்திருப்பாள், அல்லது விட்டுப் போயிருப்பாள். கதாநாயகன் யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டான், பிள்ளையிடம் மட்டும் உருகுவான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருவாள். மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

நான் முதலில் படித்தது கனடா எழுத்தாளர் எல்ஸி சில்வரின் 'ஹார்ட்லெஸ்'. 2022-இல் வந்தது. அல்பர்ட்டா மாநிலத்தில் ஒரு கற்பனைச் சிற்றூர். மாட்டுப்பண்ணை நடத்தும் கேட் என்ற 38 வயது முசுடு. ஐந்து வயது மகன் லூக். கோடைகாலத்துக்கு மட்டும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் 25 வயது வில்லா. சில அத்தியாயங்களை இந்த ஞாயிறு மலரில் விவரிக்க முடியாது. ஆனால் கதையைக் கீழே வைக்க முடியவில்லை என்பது உண்மை. அதிகாலை நிகழ்ச்சிக்கு நாலரை மணிக்கு எழுந்திருக்க வேண்டியவள், இரவு ஒரு மணிவரை விழித்திருந்தேன்.

இந்தக் கதைகளுக்குப் பண்ணை ஏன் தேவைப்படுகிறது என்று யோசித்துப் பார்த்தேன். இதே கதை கிள்ளானிலோ பூச்சோங்கிலோ நடந்தால் மூன்றாம் பக்கத்தில் முடிந்துவிடும். அப்பா காலை ஏழு மணிக்குப் பிள்ளையைத் தாஸ்காவில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார், மாலை ஆறரைக்கு நெரிசலில் திட்டிக்கொண்டே வந்து கூட்டிப்போவார். காதலுக்கு இடமே இல்லை. பண்ணையில் பக்கத்து வீடு கண்ணுக்குத் தெரியாத தூரம். பிள்ளையைப் பார்க்க வருபவள் அதே கூரையின் கீழ்தான் தங்க வேண்டும். எழுத்தாளருக்கு அது போதும்.

உண்மைப் பண்ணைகள் இவ்வளவு வசதியாக இருப்பதில்லை. பனிக்காலம் முடிகிற நேரத்தில் பசுக்கள் கன்று ஈனும். அப்போது இரவில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். கோடையில் அடுத்த பனிக்காலத்துக்கான புல்லை வெட்டிக் காயவைத்துக் கட்ட வேண்டும். வேலிக்குச் செய்யும் வேலை முடியவே முடியாது. 2022-ஆம் ஆண்டு அமெரிக்க வேளாண் கணக்கெடுப்பின்படி அங்கே பண்ணை நடத்துபவர்களின் சராசரி வயது 58.1. நம் கதாநாயகன் அவர்களுக்கு மகன் முறை. ஆனாலும் நாவலில் அவனுக்கு மாலை நேரம் எப்போதும் சும்மாதான் கிடக்கிறது!

இதையெல்லாம் இவ்வளவு கூர்ந்து படித்ததற்குக் காரணம் உண்டு. எனக்கு வயது முப்பத்து நான்கு. ஈப்போவிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் தொழில் சொந்தமாகச் செய்கிறார். மனைவி நோயில் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதலாம் ஆண்டு படிக்கும் ஒரு மகன்.

"பாவம்மா அந்தப் புள்ள. அதுக்கு ஒரு அம்மா வேணும்ல?" என்றார் பெரியம்மா. அவர் சொன்னதில் என் பெயர் எங்கேயும் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தாரம் என்ற சொல் அவருக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

தனித்து வாழும் தாய்மார்கள் என்று செய்தியில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். இபு துங்கால் என்றால் எல்லாருக்கும் தெரியும். தனித்து வாழும் தந்தையர் என்று ஒருமுறை வாசித்ததாகக்கூட ஞாபகம் இல்லை. நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதோருக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டமே ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை தாயிடம் இருப்பது நல்லது என்ற அனுமானத்தோடுதான் தொடங்குகிறது. நீதிமன்றத்தில் அதை மறுக்க இடமுண்டு என்பது வேறு விஷயம். ஆகவே கையில் சின்னப் பிள்ளையோடு ஓர் ஆண் தனியாக நின்றால், எல்லாரும் முதலில் கேட்பது "எப்ப அடுத்த கல்யாணம்?" என்பதுதான். அவருக்கு மனைவி தேடுவதாகச் சொல்லிப் பிள்ளைக்கு ஆயா தேடுகிறோம்.

வில்லாவையும் முதலில் அப்படித்தான் தேடுகிறார்கள். ஆனால் அவளுக்குச் சம்பளம் உண்டு, கோடை முடிந்தால் போய்விடும் உரிமையும் உண்டு. அதனால்தான் அவள் தங்கிவிடும்போது படிப்பவருக்கு நிறைகிறது. போகக்கூடியவள் இருந்துவிட்டாள். பெரியம்மா கொண்டுவந்த வரனில் முதல் நாளிலிருந்தே எனக்குப் போகும் வழி இல்லாததுபோல் இருந்தது. மறுத்துவிடலாம் என்றே நினைத்தேன்.

அவரே தொலைபேசியில் அழைத்தார். "ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். பையன பாத்துக்க எங்க அம்மா இருக்காங்க, நானும் இருக்கேன். அதுக்காக நீங்க வர வேணாம். ராத்திரி எட்டரைக்கு அவன் தூங்கிடுவான். அதுக்கப்புறம் வீட்ல பேச்சே இருக்காது. ரேடியோ போட்டுக்குவேன். அதுக்கு ஒரு ஆள் கெடச்சா நல்லாருக்கும்."

எந்தக் கௌபாயும் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி நான் படித்ததில்லை.

ஈப்போவுக்கு இரண்டு முறை போய்வந்துவிட்டேன். நாவலில் வரும் பிள்ளைகள் புது ஆளைப் பார்த்த மறுநாளே மடியில் ஏறிக்கொள்கிறார்கள், கேட்டதும் நெகிழவைக்கும் வசனம் பேசுகிறார்கள். இந்தப் பையன் முதல் முறை மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்திருந்தான். இரண்டாம் முறை, "நீங்க ரேடியோல பாட்டு போடுவீங்களா?" என்று கேட்டான். "ஆமா." "நீங்களே பாடுவீங்களா?" "இல்ல." அதோடு என்மேல் இருந்த ஆர்வம் போய்விட்டது. மீகோரெங்கில் இருந்த தவ்ஃபூவை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அப்பா தட்டில் வைத்தான். அவரும் பார்க்காமலே ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பல நாள் பழக்கம் என்று தெரிந்தது. அந்த மேசையில் எனக்கு எது வேலை என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. எதுவும் இல்லை என்பதே நிம்மதியாகவும் இருந்தது.

இன்னும் பதில் சொல்லவில்லை. தீபாவளிக்குள் சொல்ல வேண்டுமாம், பெரியம்மா நாள் குறித்திருக்கிறார். வரும்போது கையில் இருந்த நாவலை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். ஆங்கில நாவல் படித்துப் பல வருடம் ஆயிற்று என்றார். போன வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் குறுஞ்செய்தி வந்தது.

"எழுபது பக்கம் படிச்சாச்சு. இந்த ஆளு எப்பதான் துணி துவைக்கிறான்?"